கையை வீசினால் போதும் என்றார்கள்

எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டின் கீழ் டிராயரில், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியதாக ஒரு வெள்ளைப் பெட்டி பல வருடமாகக் கிடக்கிறது. ஒரு பக்கம் பிளக், மறுபக்கம் சாக்கெட். பெயர் மோஷன் பிளஸ். சின்ன வயதில் அதைக் கெட்டுப்போன சாமான் என்றே நினைத்திருந்தேன். அது நன்றாகத்தான் இருக்கிறது, அதைக் கேட்கிற கேம்தான் எங்களிடம் இல்லை என்ற விஷயம், இஞ்சினியரிங் கடைசி வருடத்தில் நானே ஒரு கேம் எழுதி வைவாவில் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் உறைத்தது. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொசுவர்த்திச் சுருள். 2011. அமெரிக்காவில் இருந்த மாமா மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பி வந்தார். அவரோடு ஒரு நிண்டெண்டோ வீ வந்தது. கூடவே அதற்கு ஒரு செங்கல் கனத்தில் வோல்டேஜ் கன்வர்ட்டர் (அந்த ஊர் அடாப்டரை நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் புகைதான்). டிவி ரிமோட் மாதிரி ஒன்றைக் கையில் பிடித்து வீசினால் திரையில் பந்து உருளும். பாட்டி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பௌலிங் ஆடியதை இன்றைக்கும் குடும்பத்தில் பேசுவார்கள். பட்டன், ஜாய்ஸ்டிக் எதுவும் தெரியாத ஒருவர் முதல் முயற்சியிலேயே ஆட முடிந்தது என்பதுதான் அந்த மெஷினின் சாமர்த்தியம். 2006 நவம்பரில் வந்த அது, உலகம் முழுக்க 10 கோடிக்கு மேல் விற்றது.

அந்த வெள்ளைப் பெட்டியை மாமா அங்கே ஒரு கோல்ஃப் கேம் டிஸ்க்கோடு சேர்த்து வாங்கியிருக்கிறார். வீடு மாற்றியதில் டிஸ்க் தொலைந்துபோய், பெட்டி மட்டும் கப்பலேறி வந்துவிட்டது. ரிமோட்டின் அடியில் சொருகுவேன், டென்னிஸ் ஆடுவேன், ஒரு வித்தியாசமும் இருக்காது. கழற்றிப் போட்டுவிடுவேன்.

அது எதற்காக என்று இப்போது சொல்கிறேன். வீ ரிமோட்டுக்குள் இருந்தது ஆக்சிலரோமீட்டர். வேகம் எந்தத் திசையில் எவ்வளவு மாறுகிறது, புவியீர்ப்பு எந்தப் பக்கம் என்பது அதற்குத் தெரியும். நுனியில் ஒரு அகச்சிவப்புக் கேமரா வேறு. டிவி மேல் வைக்கும் சென்சார் பார் என்பது பெயரளவில்தான் சென்சார், உண்மையில் அது இரண்டு பக்கமும் அகச்சிவப்பு விளக்கு எரியும் குச்சி. இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாலும் வேலை நடக்கும், நாங்கள் செய்து பார்த்திருக்கிறோம். ஆனால் ரிமோட்டை டிவியை விட்டுத் திருப்பிவிட்டால், மணிக்கட்டு எந்தக் கோணத்தில் முறுக்கியிருக்கிறது என்று அதற்குச் சரியாகத் தெரியாது. நீங்கள் வாளை இடமிருந்து வலம் வீசினீர்களா, சும்மா கையை உதறினீர்களா என்பதைக் குத்துமதிப்பாகத்தான் ஊகிக்கும். யுபிசாஃப்ட் நிறுவனம் வீ வந்த அன்றைக்கே ரெட் ஸ்டீல் என்று ஒரு வாள்சண்டை கேம் விட்டது. நாம் ஒரு மாதிரி வீச, திரையில் இருப்பவன் வேறு மாதிரி வெட்டினான்.

இந்தக் குறையைச் சரிக்கட்ட, உள்ளே கைரோஸ்கோப் வைத்த மோஷன் பிளஸ்ஸை 2008 ஜூலையில் அறிவித்து 2009 ஜூனில் விற்பனைக்கு விட்டார்கள். அதை மாட்டினால் கை திரும்புகிற அளவுக்கு வாளும் திரும்பும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அருமையான சாமான்தான். சிக்கல் அது தனியாக விற்கப்பட்டதில் இருந்தது.

இந்த இடத்தில் கேம் எழுதுபவனின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். மெஷின் செய்த கம்பெனியைச் சேராமல், வெளியில் இருந்துகொண்டு அதற்கு கேம் எழுதுகிறவர்களைத் தேர்ட் பார்ட்டி என்பார்கள். அவர்களுக்கு மெஷின் விற்ற லாபத்தில் பங்கில்லை. டிஸ்க் விற்றால்தான் சம்பளம். நூறு வீட்டில் வீ இருக்கிறது, அதில் இருபது வீட்டில்தான் மோஷன் பிளஸ் இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 'இது கட்டாயம் வேண்டும்' என்று அட்டையில் போட்டால் எண்பது வீட்டுக் கதவு அப்போதே மூடிவிடும். 'இருந்தால் நல்லது' என்று போட்டால், அது இல்லாமலும் முழு கேம் ஓடியாக வேண்டும். அப்படி ஓடுகிற கேமில் அந்தக் கருவிக்கு முக்கியமான வேலை எதுவும் கொடுக்க முடியாது. முக்கியமான வேலை இல்லாத கருவியை யார் காசு கொடுத்து வாங்குவார்? யாரும் வாங்காவிட்டால் இருபது எப்படி நாற்பது ஆகும்? கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்கிற அதே கதை.

இவ்வளவு இருந்தும் ஆரம்பத்தில் சிலர் துணிந்து இறங்கினார்கள். அமெரிக்காவில் மோஷன் பிளஸ்ஸோடு கூடவே வந்தவை ஈஏ நிறுவனத்தின் டைகர் உட்ஸ் கோல்ஃபும் (மாமா தொலைத்தது இதைத்தான்) கிராண்ட் ஸ்லாம் டென்னிஸும். நிண்டெண்டோவின் சொந்த கேமான வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட் அங்கே ஜூலை கடைசியில்தான் வந்தது. அதாவது வீட்டுக்காரர் இலை போடும் முன்பே விருந்தாளி சமைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆனால் கிராண்ட் ஸ்லாம் டென்னிஸின் இரண்டாம் பாகம் 2012-இல் வந்தபோது வீக்கு வரவில்லை. பிளேஸ்டேஷன் 3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் போய்விட்டது. யுபிசாஃப்ட் இன்னும் ஒரு படி மேலே போய், 2010 மார்ச்சில் ரெட் ஸ்டீல் 2-ஐ மோஷன் பிளஸ் இல்லாமல் ஓடவே ஓடாதபடி எழுதியது. விமர்சகர்கள் பாராட்டினார்கள். இந்த முறை வாள் சொன்னபடி கேட்டது. மூன்றாம் பாகம் இன்றுவரை வரவில்லை.

2010-இல் நிண்டெண்டோவே அந்தப் பெட்டியை ரிமோட்டுக்குள் பொதிந்து ரிமோட் பிளஸ் என்று விற்க ஆரம்பித்தது. அதை முழுசாகப் பயன்படுத்திய அவர்களது செல்டா கேம், ஸ்கைவர்ட் ஸ்வோர்ட், 2011 நவம்பரில் வந்தது. அடுத்த வருடமே வீ யு என்கிற புது மெஷின் வந்துவிட்டது. பயிர் விளைந்த அன்றைக்கே நிலத்தை விற்ற மாதிரி. 2021-இல் அதே கேமை ஸ்விட்சில் மறுபடி விட்டபோது, கையை வீசாமல் பட்டன், குச்சியிலேயே ஆடும் வழியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எனக்கு அது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி தெரிந்தது.

சோனியின் மூவ் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நுனியில் ஒளிரும் பந்து, அதைப் பார்க்க ஒரு கேமரா, 2010 செப்டம்பர். ஏற்கெனவே வந்த கேம்களுக்கு மேலே ஒட்டுப்போட்டுக் கொடுத்தவர்கள்தான் அதிகம். ஆறு வருடம் கழித்து அந்தக் குச்சிக்கு விஆர் கண்ணாடியோடு மறுவாழ்வு கிடைத்தது.

என் கதைக்கு முக்கியமானது கினெக்ட்.

மைக்ரோசாஃப்ட் 2009 ஜூனில் அறிவித்து 2010 நவம்பர் 4 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது. கையில் எதுவும் பிடிக்க வேண்டாம், உன் உடம்புதான் ரிமோட் என்றார்கள். இஸ்ரேலின் பிரைம்சென்ஸ் கம்பெனியின் நுட்பம்: கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுக்கத் தூவி, அந்தப் புள்ளிகள் எப்படி இடம் மாறி விழுகின்றன என்று பார்த்து ஒவ்வொரு பொருளும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடும். அதிலிருந்து மனித உடம்பின் 20 மூட்டுகளை நொடிக்கு 30 முறை கண்டுபிடிக்கும். முதல் 60 நாளில் 80 லட்சம் விற்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

80 லட்சம் பெரிய எண்தான். ஆனால் தேர்ட் பார்ட்டிக்காரன் பார்ப்பது விகிதத்தை. 2013 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்குப்படி 7.6 கோடி எக்ஸ்பாக்ஸ் 360-க்கு 2.4 கோடி கினெக்ட். மூன்றில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை. ஆகவே புத்திசாலிகள் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். கினெக்டில் மைக்கும் இருக்கிறதே! மாஸ் எஃபெக்ட் 3-இல் கூட்டாளிக்கு வாயால் கட்டளையிடலாம். ஃபிஃபா 13-இல் நடுவரைத் திட்டினால் கேம் அதைக் காதில் வாங்கிக்கொள்ளும் (இது ஒன்றுதான் உண்மையான கால்பந்து அனுபவம் என்பேன்). உடம்பைப் பார்ப்பதற்கென்றே செய்த கருவியை ஒலிவாங்கியாக மட்டும் பயன்படுத்தி, அட்டையில் 'கினெக்ட் இருந்தால் இன்னும் நன்று' என்ற முத்திரையும் வாங்கிக்கொண்டார்கள். மைக் சொதப்பினால் கேம் கெடாது என்பதுதான் இதன் ரகசியம். மாறாக, கேப்காமின் ஸ்டீல் பட்டாலியன் 2012-இல் டாங்கிக்குள் இருக்கும் கருவிகளை இயக்குவதைக் கினெக்டை நம்பி அமைத்தது. ஜன்னலை மூடக் கையை நீட்டினால் வேறெதையோ இழுத்தது. கிழித்துத் தொங்கவிட்டார்கள் விமர்சகர்கள். நடனத்தை எடுத்துக்கொண்ட ஹார்மோனிக்ஸ் ஜெயித்தது. நடனத்தில் கை ஒரு சாண் தள்ளிப் போனாலும் யாரும் சாவதில்லையே.

இந்த விகிதச் சிக்கலை மைக்ரோசாஃப்டும் புரிந்துகொண்டிருக்க வேண்டும். 2013 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் கினெக்டையும் சேர்த்தே 499 டாலருக்கு விற்றார்கள். இனி நூற்றுக்கு நூறு. நம்பி எழுதலாம்! ஹார்மோனிக்ஸ் ஏற்கெனவே ஃபேன்டேசியா என்று ஒரு இசை கேமை அறிவித்திருந்தது. கையை அசைத்து ஆடுவது, கினெக்ட் இல்லாமல் தொடங்கவே முடியாது. பிறகு 2014 மே மாதம் மைக்ரோசாஃப்ட், ஜூன் முதல் கினெக்ட் இல்லாத எக்ஸ்பாக்ஸ் 399 டாலருக்குக் கிடைக்கும் என்று அறிவித்தது. ஃபேன்டேசியா வெளிவந்தது அந்த அக்டோபரில். அது தொடங்கும்போது இருந்த வாக்குறுதி, அது முடியும்போது இல்லை. இதற்கு மேல் இன்னொன்றும் நடந்தது. கினெக்டுக்காக ஒதுக்கி வைத்திருந்த கிராபிக்ஸ் சக்தியில் 10 சதவீதம் வரை இனி கேம் எழுதுவோர் எடுத்துக்கொள்ளலாம் என்று அதே ஜூனில் திறந்துவிட்டார்கள். அதாவது கினெக்டைத் தொடாமல் இருந்தால் உங்கள் கேம் இன்னும் வேகமாக ஓடும். கைவிட்டவனுக்குப் பரிசு. 2017 அக்டோபரில் தயாரிப்பே நின்றது.

அழைப்பிதழ் இல்லாமல் வந்தவர்களின் கதையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் அந்தக் கூட்டம். 2007 கடைசியில் ஜானி சுங் லீ என்ற கார்னகி மெலன் ஆராய்ச்சி மாணவர், வீ ரிமோட்டை டிவி பக்கத்தில் வைத்துவிட்டு, அகச்சிவப்பு விளக்கைத் தன் தலையில் மாட்டிக்கொண்டார். தலையைச் சாய்த்தால் திரைக்குள் காட்சி ஆழமாகத் திரும்பியது. பிறகு அவர் மைக்ரோசாஃப்டில் சேர்ந்து கினெக்டில் வேலை பார்த்தார். கினெக்ட் வெளியான அன்றே அடாஃப்ரூட் என்ற எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி, இதைச் சாதாரண கம்ப்யூட்டரில் ஓட வைக்கும் திறந்த மென்பொருள் எழுதினால் ஆயிரம் டாலர் என்று அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் முகம் சுளித்தது. பரிசு மூவாயிரமாக ஏறியது. ஒரு வாரத்துக்குள் ஹெக்டர் மார்ட்டின் என்பவர் முடித்துவிட்டார். அந்தப் போட்டிக்குப் பின்னால் பணம் போட்டவர் இதே ஜானி லீதான் என்று, அவர் மைக்ரோசாஃப்டை விட்டு விலகிய பின் 2011-இல் அவரே சொன்னார். வீட்டுக்குள் இருந்துகொண்டே கொல்லைக் கதவைத் திறந்துவிட்ட மனிதர்! 2011 ஜூனில் மைக்ரோசாஃப்டே விண்டோஸுக்கு எஸ்டிகே கொடுத்தது. அப்புறம் ரோபோக்காரர்கள், டாக்டர்கள், கல்லூரி மாணவர்கள் என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

சரி, இப்போது அப்பா.

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. இடது தோள் இறுகிக்கொண்டது. சட்டையை அம்மா மாட்டிவிட வேண்டும். பிசியோதெரபி மேடம், சுவரில் விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏறும் பயிற்சியைத் தினமும் செய்யச் சொன்னார். அப்பா இரண்டு நாள் செய்தார். மூன்றாம் நாள், "சுவத்தப் பாத்துக்கிட்டு நிக்கறதுக்கு நான் என்ன ஸ்கூல்ல தப்பு பண்ணினவனா?" என்றார். எனக்குப் பாட்டியின் பௌலிங் ஞாபகம் வந்தது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்து பழைய எக்ஸ்பாக்ஸ் 360 கினெக்ட் ஒன்றைப் பிடித்தேன். அதற்கு 12 வோல்ட் கொடுக்கும் தனி அடாப்டர் இல்லாமல் கம்ப்யூட்டரில் வேலை செய்யாது, அதைத் தேட இன்னும் இரண்டு நடை. திரையில் ஒரு மாமரம், கையை உயர்த்தினால் அந்த உயரத்துக் காய் விழும், அவ்வளவுதான் கேம். எங்கள் ஹாலில் ஆறடி தள்ளி நிற்கக் கட்டிலைச் சமையலறைப் பக்கம் நகர்த்த வேண்டியிருந்தது. மேற்கு ஜன்னல் வெயில் விழுந்தால் அகச்சிவப்புப் புள்ளிகள் கரைந்துவிடும், ஆகவே சாயங்காலத்துக்கு மேல்தான் ஆட்டம். லுங்கி கட்டிய மனிதனின் கால்களைக் கண்டுபிடிக்க முடியாமல் அது திணறியது. நல்லவேளை, உட்கார்ந்திருப்பவர்களுக்கென்று மேல் உடம்பின் 10 மூட்டுகளை மட்டும் பார்க்கும் ஒரு வழி எஸ்டிகேயில் இருந்தது. அதைப் போட்டேன். அப்பா முதல் நாள் நான்கு காய் பறித்தார். மறுநாள் என்னைக் கேட்காமலே கட்டிலை நகர்த்தியிருந்தார்.

அவர் திருட்டுத்தனமும் செய்தார். கை ஏறாதபோது உடம்பைப் பின்னால் சாய்த்து உயரம் காட்டுவார். கினெக்டுக்குத் தூரம் தெரியும் என்பதால் தோள் பின்னால் போவதைப் பிடித்துவிடும். சாய்ந்தால் காய் விழாமல் காகம் கத்துகிற மாதிரி வைத்தேன். "உன் காக்காவுக்கு எங்கம்மா மாதிரி கண்ணு" என்றார்.

இதையே ப்ராஜெக்டாகக் கொண்டுபோனேன். வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த சென்சார் இப்ப கடையில கிடைக்குமா?" என்றார்.

"இல்ல சார். 2017-லயே நிறுத்திட்டாங்க."

"அப்ப இத யாருக்குப்பா பண்ணின?"

"எங்க அப்பாவுக்கு சார்."

அறையில் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை, ஆனால் மார்க்கும் போடவில்லை. ஒரு வாரம் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு பிசியோதெரபி மேடத்திடம் மொபைலில் வீடியோ காட்டினேன். அவர் கேட்டது இதுதான்: "இதே தோள் பிரச்சினையோட என்கிட்ட பன்னெண்டு பேரு வராங்க. அவங்களுக்கும் போட்டுத் தர முடியுமா?" வாயைத் திறக்க முடியவில்லை. ஈஏவின் அலுவலகத்திலும் யுபிசாஃப்ட் அலுவலகத்திலும் யாரோ ஒருவர் இதே மாதிரி உட்கார்ந்திருப்பார். கேம் இருக்கிறது, ஓடுகிறது, ஆடுகிறவருக்குப் பிடித்திருக்கிறது. எதிரில் இருப்பவர் வீட்டில் கருவி இல்லை. தேர்வாளர் கேட்டதும் அதைத்தான்.

மூன்று மாத வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, போன் கேமராவில் ஓடும்படி மறுபடி எழுத ஆரம்பித்தேன். கூகுளின் மீடியாபைப் இருப்பதால் உடம்பின் மூட்டுகளைச் சாதாரணக் கேமராவே இப்போது கண்டுபிடிக்கிறது. மேற்கு வெயில் பிரச்சினை இல்லை, ஆறடி வேண்டாம், பன்னிரண்டு பேரிடமும் போன் இருக்கிறது. ஐந்து பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒற்றைக் கேமராவுக்கு ஆழம் சரியாகப் பிடிபடவில்லை. பின்னால் சாய்ந்தால் கை உயர்ந்ததாக நம்பிவிடுகிறது. காகத்தை எடுத்துவிட வேண்டியதாயிற்று. ஒரு அம்மா முதல் நாளே இருபத்திரண்டு காய் பறித்ததாக மேடம் சொன்னார். எப்படிப் பறித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். மேடத்திடமும் சொல்லிவிட்டேன், இப்போது அவர் பக்கத்தில் நின்று தோளைப் பிடித்துக்கொள்கிறார்.

அப்பாவுக்கும் போனில் போட்டுக் கொடுத்தேன். நான்கு நாள் ஆடிவிட்டு, "காக்கா எங்கடா?" என்றார்.

கினெக்ட் அடாப்டரின் கம்பி போன மாதம் கழுத்தில் விட்டுப்போனது. இன்னொன்று கிடைக்குமா என்று தேடிப் பார்த்துவிட்டு, உள்ளே கம்பியைச் சேர்த்துப் பற்றவைத்து மேலே கறுப்பு டேப் சுற்றியிருக்கிறேன். அசைத்தால் விளக்கு அணைகிறது, அதனால் யாரும் அந்தப் பக்கம் பெருக்கக்கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவு. நேற்று அப்பா பதினாலு காய். காகம் இரண்டே முறைதான் கத்தியது.